செகெட் ஆற்றை யார் எழுதுவது?

பினாங்கிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்த நண்பன் ஒருவன் முதல் வாரத்திலேயே கேட்டான்: "டேய், உங்க ஜே.பி.யில கடல் எங்கடா இருக்கு?"

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். ஸ்கூடாயில் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். மூன்று வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாரத்தில் ஐந்து நாள், போக ஒரு தடவை வர ஒரு தடவை, கடலைத் தாண்டியிருக்கிறேன். காஸ்வே 1,056 மீட்டர் நீளம். அதில் ஒரு நாளாவது தண்ணீரை நின்று பார்த்தேனா என்றால் இல்லை. காலையில் பஸ்ஸில் தூக்கம். மாலையில் முன்னால் நிற்கும் லோரியின் சிவப்பு விளக்கு. கையில் பாஸ்போர்ட். எங்களுக்குக் கடல் என்பது இரண்டு குடிநுழைவுக் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று.

அந்தச் சமயத்தில் வி.எஸ். நைப்பாலின் 'தி லாஸ் ஆஃப் எல் டொராடோ' என்ற புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 1969இல் வந்தது. நாவல் இல்லை, வரலாறு. டிரினிடாட் தீவையும், அதன் கடலோரத் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினையும் பற்றியது. தங்க நகரத்தைத் தேடி வந்த ஸ்பானியர்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு வந்த வால்டர் ராலே, 1797இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர்கள், அவர்களுடைய முதல் ஆளுநர் பிக்டன், அவன் காலத்தில் சிறையில் சித்திரவதை செய்யப்பட்ட லூயிஸா கால்டெரோன் என்ற சின்னப் பெண். எல்லாம் லண்டனில் கிடந்த பழைய ஆவணங்களைத் தோண்டி எழுதியது.

எனக்கு அதில் ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. நைப்பால் ஒப்பந்தக் கூலிகளின் பேரன். இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் டிரினிடாடுக்கு வந்தது 1845 மே 30இல். புத்தகத்தின் கதையோ பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதாவது இந்த மனிதன் தன் ஊரின் வரலாற்றைத் தன் ஆட்கள் இல்லாத காலத்தில் வைத்து எழுதியிருக்கிறான். 'நாங்களும் இருந்தோம்' என்று ஒரு வரிகூடச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு காலம். ஆனால் அது அவன் ஊர். அந்தத் தெருக்கள் எப்படி அங்கே வந்தன என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்திருக்கிறது.

நம்முடைய பழக்கம் இதற்கு நேர் எதிர். ஜொகூர் பாருவைப் பற்றித் தமிழில் என் கைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்க மாநாட்டு மலர்கள். அவற்றில் ஒரு 'நகர வரலாறு' கட்டுரை கட்டாயம் இருக்கும். முதல் பத்தியில் சுல்தான், இரண்டாம் பத்தியில் காஸ்வே, மூன்றாவதில் 'நம்மவர்களின் பங்களிப்பு'. நான் இவற்றை இளக்காரமாகச் சொல்லவில்லை. இந்த மலர்கள் இல்லையென்றால் அதுவும் இல்லை. ஆனால் அந்த மூன்றாம் பத்தியில்தான் எனக்குப் பிரச்சினை. பங்கு கேட்கிற அவசரத்தில் இடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். எந்த ஆறு, எந்த மேடு, எந்தத் தண்டவாளம் என்று ஒன்றும் வருவதில்லை. 'வியர்வை சிந்தினார்கள்' என்று இருக்கும். எந்த மண்ணில் சிந்தினார்கள் என்று இருக்காது.

சரி, இடத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது?

மலர்களும் சுற்றுலாத் துண்டறிக்கைகளும் இந்த நகரத்துக்கு 1855 என்று ஒரு பிறந்த ஆண்டு வைத்திருக்கின்றன. அந்த வருடம் சிங்கப்பூரில் போட்ட ஒப்பந்தத்தால் ஜொகூரின் ஆட்சி தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் கைக்கு வந்தது. அவர் நீரிணையின் கரையில் இருந்த தஞ்சோங் புத்ரி என்ற இடத்தில் ஊரை அமைத்தார். அவர் மகன் அபு பக்கார் காலத்தில் அது ஜொகூர் பாரு, அதாவது புது ஜொகூர் ஆனது. எல்லாம் சரிதான். ஆனால் அதற்குப் பதினோரு வருடத்துக்கு முன்பே, 1844இல், தெமெங்கோங் சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஆற்றுப் பத்திரம். இந்த ஆற்றிலிருந்து அந்த ஆறு வரை நீ காடு வெட்டலாம், பயிர் போடலாம் என்ற அனுமதி. பத்திரம் வாங்கியவன் 'காங்சூ', ஆற்றின் தலைவன். ஆற்றங்கரையில் அவன் இறங்கும் துறை 'காங்கார்'. இன்றைக்கும் காங்கார் தெப்ராவ், காங்கார் பூலாய் என்று நாம் பஸ் ஏறும் பெயர்களெல்லாம் அந்தத் துறைகள்தான்.

அங்கே விளைந்தது மிளகும் கம்பீரும். கம்பீர் என்பது ஒரு கொடி. இலையைப் பெரிய கொப்பரையில் போட்டுக் காய்ச்சினால் பசை மாதிரி ஒரு சாறு வரும். தோல் பதனிடவும் சாயம் போடவும் அது வேண்டும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். காய்ச்சி மிஞ்சிய இலைதான் மிளகுக்கு உரம். மண் சத்தை இழந்ததும் விட்டுவிட்டு ஆற்றில் இன்னும் மேலே போவார்கள். ஒரு பொறியாளன் கண்ணால் பார்த்தால் இது அழகான ஏற்பாடு. காட்டின் கண்ணால் பார்த்தால் நெருப்பு. ஆக, 1855இல் கரையில் ஊர் அமைந்தபோது, ஆறுகளின் உள்ளே ஏற்கெனவே மனிதர்களும் கடனும் சண்டையும் இருந்தன. 1855 இந்த ஊரின் பிறந்த நாள் இல்லை, பெயர் பதிந்த நாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்னும் பின்னால் போனால், நீரிணையின் இரண்டு கரையிலும் படகிலேயே வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்கள். அவர்களுக்குக் கரைதான் ஊர், தண்ணீர்தான் தெரு. சிங்கப்பூர் என்றும் ஜொகூர் என்றும் ஒரு கோடு அவர்களுடைய தண்ணீரில் இருந்ததில்லை.

இந்த நகரத்தின் நடுவில் ஓடும் ஆறு சுங்கை செகெட். நகரத்தின் முக்கியத் தெருவான ஜாலான் வோங் ஆ ஃபூக்கின் பக்கத்திலேயே ஓடுகிறது. வோங் ஆ ஃபூக் தச்சு வேலைக்காரனாக வந்து, அபு பக்காரின் அரண்மனையைக் கட்டும் ஒப்பந்தக்காரனாக வளர்ந்தவர். இஸ்தானா பெசார் 1866இல் முடிந்தது. கடலைப் பார்த்து நிற்கிறது. பெரிய பள்ளிவாசலும் அப்படியே, கடலைப் பார்த்து மேட்டில். அதிகாரத்துக்குக் கடல் பார்க்கும் முகம் இருந்தது. சந்தை, கடை, துறை, குடிசை எல்லாம் செகெட் பக்கம். அதன் அருகிலேயே, சில நிமிட நடையில், ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயில். நம்முடைய பூக்கடை, சாப்பாட்டுக் கடை, துணிக்கடையெல்லாம் அந்தத் தெருவில்தான்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் செகெட் என்றால் நாற்றம். 2000களில் அதன் ஒரு பகுதியைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். மூடினால் நாற்றம் தெரியாது. ஆனால் தண்ணீர் போகும் இடம் போகத்தான் செய்யும். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், கீழே வழி இல்லாத தண்ணீர் தெருவில் ஏறும். வடிகால் படித்த முதல் வருடத்திலேயே இது புரிந்துவிடும். பிறகு மறுபடியும் உடைத்துத் திறந்து, சுத்தப்படுத்தி, ஓரத்தில் நடைபாதை போட்டார்கள். இப்போது இளைஞர்கள் போட்டோ எடுக்கிறார்கள். ஒரே தலைமுறைக்குள் ஓர் ஆறு சாக்கடையாகி, மூடப்பட்டு, திரும்ப ஆறாகியிருக்கிறது. அதன் பக்கத்திலேயே நாம் பூ வாங்கிக்கொண்டிருந்தோம். இதைப் பற்றித் தமிழில் ஒரு சிறுகதை? நான் தேடியவரை என் கண்ணில் படவில்லை.

போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் இப்படி ஓர் ஆறு உண்டு. 1787இல் ஸ்பானிய ஆளுநர் சக்கோன் நகரத்தின் நடுவில் ஓடிய சாந்தா ஆனா ஆற்றைத் திருப்பி, கிழக்கே லவென்டில் குன்றின் அடிவாரத்துக்கு விட்டார். பழைய படுகையில் தெருக்கள் வந்தன. திருப்பிய ஆறு காலப்போக்கில் 'காய்ந்த ஆறு' என்றே பெயர் வாங்கியது. அதற்கு அப்பால் குன்றில் ஏறிய குடியிருப்புகள் ஏழைகளுடையவை. எர்ல் லவ்லேஸின் 'தி டிராகன் கான்ட் டான்ஸ்' (1979) இந்த மாதிரிக் குன்றுக் குடியிருப்பில்தான் நடக்கிறது. நைப்பாலின் 'மிகெல் ஸ்ட்ரீட்' (1959) அதே நகரத்தின் இன்னொரு தெரு. அந்த ஊரில் தண்ணீரை எங்கே தள்ளினார்களோ அங்கே மனிதர்களையும் தள்ளினார்கள் என்பதை நாவல் படித்தே தெரிந்துகொள்ளலாம். எங்கள் ஊரில் அதற்கு வடிகால் இலாகாவின் வரைபடம் வேண்டும்.

இப்போது காஸ்வேக்கு வருகிறேன். நம் மலர்களின் மூன்றாம் பத்தி அதிகமாகப் பெருமைப்படும் இடம் இது. 1909இல் ரயில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. அதன் பிறகு ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றி நீரிணையைக் கடத்தினார்கள். ரப்பரும் ஈயமும் பெருகப் பெருகப் படகு தாங்கவில்லை. 1919இல் வேலை தொடங்கி, 1923இல் ரயில் ஓடி, 1924 ஜூன் 28இல் முறைப்படி திறந்தார்கள். பூலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல் வெட்டி வந்து கடலில் கொட்டினார்கள். தூண் போட்ட பாலம் இல்லை இது, கல் மேடு. ஜொகூர் முனையில் படகுகள் போக ஒரு கதவு வழியும், தூக்கிக்கொள்ளும் பாலமும் வைத்திருந்தார்கள். 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வெடி வைத்துத் தகர்த்தது. பாதையை ஜப்பானியர் சீக்கிரமே சரிசெய்தார்கள். படகு வழி திரும்பி வரவில்லை.

'நாம்தான் கட்டினோம்' என்கிறோம். யார் எத்தனை பேர் என்ற கணக்கில் நான் இறங்கவில்லை. கட்டியது என்ன என்று ஒரு தடவை யோசிக்கலாம். கிழக்கிலிருந்து ஓர் ஏற்றமும் மேற்கிலிருந்து ஓர் ஏற்றமும் வந்து கலந்துகொண்டிருந்த நீரிணை அது. நடுவில் மேடு போட்டதும் இரண்டு நீளமான பைகளாக ஆகிவிட்டது. ஒவ்வொரு பைக்கும் ஒரே வாய். செகெட்டும் தெப்ராவும் ஸ்கூடாயும் கொண்டுவந்து கொட்டுவது சீக்கிரம் வெளியே போவதில்லை. என் நண்பன் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு பகுதி இதில் இருக்கிறது. இங்கே கடல் இருந்தது; அதை நாங்கள் பாதையாக மாற்றிவிட்டோம். அந்தப் பாதையில் ரயில் போனது, மனிதர்கள் போனார்கள், குழாயில் தண்ணீரும் போகிறது. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து தினமும் 25 கோடி கேலன் வரை, 2061ஆம் ஆண்டு வரைக்கும். இந்தப் பெருமையை எழுதும்போது அதன் விலையையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

என் குடும்பம் கடல் வழியாக இந்த ஊருக்கு வரவில்லை. கடல் தாண்டியது கொள்ளுத் தாத்தா காலத்தில், வேறு துறைமுகத்தில். தாத்தா வடக்கிலிருந்து ரயில் ரோட்டு வேலைக்காக வந்தவர். கெம்பாஸ் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி வீடு. தினமும் தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டே நடக்கும் வேலை. ரயில் பாதையை ஒட்டி நிற்கும் ராஜகாளியம்மன் கோயிலுக்கு, அது கண்ணாடிக் கோயில் ஆவதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே, பாட்டி போவார். 1922இல் ஒரு குடிசையாகத் தொடங்கிய கோயில் என்று சொல்கிறார்கள். காஸ்வேயில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடம். கடலோர நகரத்துக்கு நாங்கள் பின்வாசல் வழியாக வந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, கடலைப் பற்றிக் கேட்டால் பாட்டி சொல்வார்: "நமக்கு என்னாடா கடலு? அக்கரைக்குப் போறவனுக்குத்தான் கடலு."

மலேசியத் தமிழ் இலக்கியமும் இந்தப் பின்வாசலில்தான் நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பெரிய நாவல்கள் தோட்டத்தையும் போரையும் எழுதின. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. அவை எழுதப்பட்டே ஆக வேண்டியவை. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' என்று ஓர் ஆற்றின் பெயரையே தலைப்பாக வைத்தார். அந்த நிலம் அவருக்குத் தெரியும். ப. சிங்காரத்துக்கு மெடானும் பினாங்கும் தெருத்தெருவாகத் தெரிந்திருந்தது. அவர்களுக்குப் பிறகு வந்த நாம் அந்தத் துயரத்தை எடுத்துக்கொண்டோம், அந்த நிலப் பார்வையை எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஜொகூர்க்காரன் ஒருவன் கதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் கித்தா மரம் வருகிறது. அவன் குடியிருப்பது தாமானில், வேலை துவாஸில், கடன் பாங்க்கில். கித்தா மரத்தை அவன் பக்கத்தில் போய்ப் பார்த்து எத்தனை வருடமோ.

இதற்குத் தோட்டம் துண்டாடப்பட்ட வலி ஒரு காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வலி மட்டுமே காரணம் இல்லை. தோட்டத்தில் நாம் யார் என்பது நமக்குத் தெரியும். நகரத்தில் தெரியாது. தெரியாததை எழுதுவது கஷ்டம்.

டெரக் வால்காட் 1992இல் நோபல் ஏற்புரையில் இதே கஷ்டத்தைத் தொட்டார். டிரினிடாடில் ஃபெலிசிட்டி என்ற கிராமத்தில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் ராம்லீலா நடத்துவதைப் பார்க்கப் போகிறார். முதலில் அதை இழப்பின் எச்சமாக, ஏதோ போலியாகப் பார்த்துவிட்டு, பிறகு தான் பார்த்த விதம்தான் தப்பு, அங்கே இருந்தது நம்பிக்கையும் கொண்டாட்டமும் என்று ஒப்புக்கொள்கிறார். உடைந்த சாடியின் துண்டுகளை ஒட்டவைக்கும் அன்பு, அது முழுசாக இருந்தபோது இருந்த அன்பைவிடப் பலமானது என்பது அவருடைய வாதம். போர்ட் ஆஃப் ஸ்பெயினை எல்லாத் துண்டுகளும் சேர்ந்த நகரமாக அவர் கொண்டாடுகிறார்.

எனக்கு வால்காட்டைப் பிடிக்கும். ஆனால் ஜொகூர் பாருவில் உட்கார்ந்து படிக்கும்போது அவர் கொஞ்சம் அவசரப்படுவதாகத் தெரிகிறது. ஒட்டுவதற்கு முதலில் துண்டுகள் கையில் வேண்டும். நைப்பாலிடம் வேறு குறை: அவருக்குத் தன் ஊரின்மேல் ஒரு குளிர்ச்சி, இங்கே எதுவும் உருப்படாது என்ற முடிவோடு ஆவணங்களைத் திறக்கிறாரோ என்று சில பக்கங்களில் தோன்றும். ஆனாலும் அவர் உட்கார்ந்து தேடினார். எங்களுக்கு இப்போதைக்குக் கொண்டாட்டத்தைவிட அந்தத் தேடல் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை ஏற்றிச் செல்லும்படி கட்டப்பட்டது. அது உயரமான பாலத்தில் நீரிணையைக் கடக்கும். வடக்கே கெமாஸ் வரை இரட்டைத் தண்டவாளம். தாத்தா நடந்த பழைய ஒற்றைப் பாதை பல இடங்களில் அடையாளமே இல்லை. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டி வந்தார். செய்தியில் படித்திருப்பீர்கள். அந்தப் பாதையைத் தினமும் நடந்து பார்த்தவர்களைப் பற்றி ஒரு செய்தியும் நான் படித்ததில்லை. அதைச் செய்தியில் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அது நாம் எழுத வேண்டியது.

பாட்டி இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமானார். மழைக்காலம் வந்தால் அவர் ஒன்று சொல்வார்: "மூணாவது மதகுல தண்ணி ஏறிச்சுன்னா தாத்தா ராத்திரி வீட்டுக்கு வரமாட்டாரு." சின்ன வயதில் அது எனக்குத் தாத்தாவைப் பற்றிய கதை. இப்போது வெள்ள வரைபடம் போடுவது என் வேலை. அந்த வாக்கியத்தில் ஒரு தாழ்வான இடம் இருக்கிறது, ஒரு நீரோட்டம் இருக்கிறது, ராத்திரி முழுக்கத் தண்டவாளத்தில் விளக்கோடு நின்ற ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது மதகு எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது என்று நான் கேட்கவே இல்லை.

போன மாதம் அந்தப் பினாங்கு நண்பனைக் கூட்டிக்கொண்டு செகெட் ஓரமாகக் கடல் வரைக்கும் நடந்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "இவ்ளோ கிட்டயா இருக்கு?" என்றான். வீட்டுக்கு வந்து, பழைய ரயில் பாதை வரைபடம் ஒன்றில் கெம்பாஸ் பக்கம் நீரோடை குறுக்கிடும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்து வைத்தேன். அந்தப் பக்கம் இருந்த யாருடைய பாட்டியாவது இன்னும் இருந்தால், மதகுகளை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.